கூம்புக்குள் அடங்காத கம்பி

1988 ஆடி மாதம். திருச்சிக்கு வடக்கே ஓர் அம்மன் கோயில் திருவிழா. எங்கள் மெல்லிசைக் குழு மூன்றாவது பாட்டில் இருந்தது. நான் வாசிக்கும் பேஸ் கிட்டார் எனக்கே கேட்கவில்லை. குமிழை முழுக்கத் திருப்பினேன். சரணம் முடிவதற்குள் பந்தலின் இடப்பக்கக் கூம்பு ஸ்பீக்கர் கரகரத்தது, பிறகு ஊமையானது.

மைக் செட்காரர் மேடையோரம் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், தோளில் துண்டு, சட்டைப் பையில் டெஸ்டர். "யூனிட் போச்சு தம்பி. நீங்க அடிச்ச அடியில டயாபிரம் கிழிஞ்சிருச்சு" என்றார். புது டயாபிரத்துக்கான காசை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இடைவேளையில் அவரே டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்தத் தடிக் கம்பியையே போட்டு இடிக்காதீங்க. சன்னக் கம்பிக்கு வாங்க, கொஞ்சம் மேல் ஸ்தாயியில வாசிங்க. கூம்புல அதுதான் வரும். சத்தத்தைக் கூட்டினா வராது."

அப்போது எரிச்சலாக இருந்தது. மைக் செட்காரர் வந்து எனக்கு வாசிப்பு சொல்லித் தருவதா? ஆனால் அவர் சொன்னது முழு உண்மை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. திருவிழாக் கூம்புக்கு அந்த எண்ணிக்கை எட்டாத ஆழம். வெளியே தள்ள முடியாமல் உள்ளிருக்கும் சவ்வு தவித்துக் கிழிகிறது. அதே கம்பியில் கூடவே எழும் 82, 123, 164 என்ற மேலடுக்கு அதிர்வுகள் வலுவாக வந்தால், அடியில் இல்லாத 41-ஐக் காது தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவில் நாம் பேஸ் 'கேட்டதெல்லாம்' பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான்.

இந்த வாத்தியம் பிறந்ததே கேட்காத குறையைத் தீர்க்கத்தான். ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள், டிரம்ஸும் மின் கிட்டாரும் ஏறியதும் மேடையில் ஊமைகளானார்கள். 1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் ஒரு பலகைக் கட்டைமேல் நான்கு கம்பிகளைக் கட்டினார். கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். வீணைக்கு மெட்டு இருப்பதுபோல் இதற்கு ஃப்ரெட் இருந்ததால் சுருதி பிசகாது. அதனால்தான் 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர். லயனல் ஹாம்ப்டன் குழுவில் மாங்க் மான்ட்கோமரி அதைக் கையில் எடுத்தபோது ஜாஸ்காரர்கள் பலருக்கு அது பொம்மையாகத்தான் தெரிந்தது.

மேடையில் ஒலி கிடைத்துவிட்டது. இசைத்தட்டில் கிடைக்கவில்லை. தாழ்ந்த ஸ்வரம் தட்டில் அகலமாக அலையும் பள்ளமாக விழும். அலை பெரிதானால் பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும், ஊசி துள்ளிவிடும். அதற்காகவே தட்டு வெட்டும்போது அடி ஒலியைக் குறைத்து, வீட்டில் ஓடும்போது அதே அளவு கூட்டிக்கொள்ளும் முறை இருந்தது. 1954-ல் அமெரிக்கத் தட்டுக் கம்பெனிகளின் சங்கம் அதை ஒரே அளவாக்கியது. அதற்குப் பிறகும் வெட்டும் மேசைக்காரர்களுக்குப் பயம் போகவில்லை. சந்தேகம் வந்தால் பேஸைக் குறை என்பதுதான் அவர்கள் வேதம்.

லண்டனில் பீட்டில்ஸ்காரர்களுக்கு இது பெரிய மனக்குறை. அமெரிக்கத் தட்டுகளில் பேஸ் நெஞ்சில் தட்டுகிறது, நம்முடையதில் ஏன் இல்லை? 1966 ஏப்ரலில் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவின்போது இருபது வயது ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக், பால் மெக்கார்ட்னியின் பேஸ் ஸ்பீக்கருக்கு எதிரே மைக் வைக்கவில்லை. இன்னொரு ஸ்பீக்கரையே வைத்தார். ஒலி தரும் கருவியைத் தலைகீழாக மாற்றி ஒலி வாங்க வைத்தார். கென் டவுன்சென்ட் என்ற தொழில்நுட்பக்காரர் அதற்கு ஒயர் மாற்றிக் கொடுத்தார். மைக்கின் மெல்லிய சவ்வு எங்கே, பெரிய ஸ்பீக்கரின் அகன்ற காகிதம் எங்கே! நான் இதைச் சொன்னால் எங்கள் குழு டிரம்மர் இன்றைக்கும் நம்ப மாட்டார்.

ஆனால் எனக்கு நெருக்கமானவர் டெட்ராய்ட்காரர்தான். மோட்டவுன் கம்பெனியின் ஸ்டுடியோ ஒரு வீட்டோடு ஒட்டியிருந்த சின்ன அறை. ஒயர்கள் நெளிந்து கிடந்ததால் பாம்புக் குழி என்பார்கள். அங்கே ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரு 1962 ஃபெண்டரை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் 1960களின் ஹிட் பாட்டுகள் பலவற்றைத் தாங்கினார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்யும். கம்பிகள் மொழுமொழுவென்று தட்டைச் சுற்றுப் போட்டவை. அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். அழுக்கேறி மங்கிய கம்பி, குதிரையருகே மூடிக்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். ஸ்வரம் 'தும்' என்று பிறந்து உடனே அடங்கிவிடும். இழுத்துக்கொண்டு நிற்காது. அதனால் டிரம்ஸின் உதைக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் காற்று இருந்தது. ஆம்ப் வழியாகக்கூட இல்லை, கிட்டாரிலிருந்து நேராக மேசைக்கு ஒயர். நாங்கள் மாதாமாதம் புதுக் கம்பி மாட்டிப் பளபளவென்று ஒலிக்கிறதே என்று பெருமைப்பட்டோம். அந்தப் பளபளப்புதான் லீடு கிட்டாரோடு சண்டை போட்டது என்பது எனக்கு நாற்பது வயதில்தான் உறைத்தது.

இத்தனைக்கும் அவர் பெயர் தட்டு உறைகளில் வரவில்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' 1971-ல் வந்தபோதுதான் அச்சேறியது. 1983-ல் இறந்தார்.

நம் ஊரில் எங்களுக்குப் பாடம் கேசட்தான். 'அன்னக்கிளி' வந்த 1976-ல் நான் பள்ளிச் சிறுவன். குழுவில் சேர்ந்தபோது இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு ராகப் பாதையில் நடந்துகொண்டிருந்தது. பாடகர் மூச்சு விடும் இடத்தில் அது பேசும். டூ-இன்-ஒன் ஸ்பீக்கரில் காதை ஒட்டி, ரீவைண்ட் பட்டனைத் தேய்த்து, ஒரு பல்லவிக்கு ஒரு ராத்திரி. விடியும்போது பக்கத்து அறையிலிருந்து அப்பா, "ஏண்டா, பாட்டைப் போடாம அந்த உறுமலையே எத்தனை தரம் கேப்ப?" என்பார். மேடையில் அத்தனையும் வாசித்தால் கீபோர்டுக்காரர் இடதுகையால் அதே இடத்தில் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டும் சேர்ந்தால் களிதான். "அண்ணே, இடது கையை மடியில வையுங்க" என்று கெஞ்சியிருக்கிறேன்.

இப்போது வீட்டு மாடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி தன் பாட்டோடு வந்தான். ஹெட்போனில் பேஸ் அதிர்கிறது, செல்போனில் போட்டால் ஆளையே காணோம். "ஏத்துங்க சார், இன்னும் ஏத்துங்க" என்றான். ஏற்றவில்லை. கீபோர்டில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் அரிந்தேன். டிரம்ஸின் உதை விழும் கணத்தில் பேஸ் ஒரு மயிரிழை ஒதுங்கும்படி கம்ப்ரஸரைக் கட்டினேன். பேஸ் 700, 800 பக்கம் லேசாக உறுமும்படி விட்டேன். இரண்டாம் சரணத்தை மட்டும் டி கம்பிக்கு ஏறி மறுபடி வாசிக்கச் சொன்னேன். மொத்த ஒலியளவு முன்னைவிடக் குறைவு.

செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துப் போட்டான். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து, இன்னொரு தடவை போட்டான்.