ஒரு டிஸ்க், ரெண்டு இயங்குதளம்: வாசல் ஆருக்குச் சொந்தம்?

ஒரு கொம்பியூட்டரில ரெண்டு விண்டோஸ் பதிப்பு வைச்சிருக்க வேணுமெண்டால், “முதல் பழையதைப் போடு, பிறகு புதியதைப் போடு” எண்டு சொல்லுவினம். ஏன் எண்டு கேட்டால் கனபேரிட்டப் பதில் இல்லை. பதிலைத் தேடினால் 1983 வரைக்கும் போக வேணும்.

அந்த வருடம் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு பிசி எக்ஸ்டி என்ற கணினியை வெளியிட்டது. கூடவே வந்த டொஸ் 2.0, ஒரு டிஸ்க்கை நாலு பகுதிகள் வரை பிரிக்க விட்டது. பகுதிக்கொரு இயங்குதளம் வைக்கலாம். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையும், கணினியைத் தொடக்கிவிடும் சின்ன நிரலும் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் இருந்தன. அறைகள் நாலு, வாசல் ஒண்டு. கடைசியாக நிறுவப்படும் இயங்குதளம் அந்த வாசலைத் தன் பாட்டுக்கு மாற்றி எழுதலாம்.

பழையதை முதல் போடச் சொல்வது இதனால்தான். புதிய பதிப்புக்குப் பழையதைத் தெரியும். பழையதுக்குப் புதியதைத் தெரியாது. 2007 இல் வந்த விஸ்டாவுக்குப் பிறகு எக்ஸ்பியை நிறுவினால், விஸ்டா டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஆனால் தொடக்கத்தில் அதைத் தெரிவு செய்ய வழி இருக்காது.

இது நிரலில் நடந்த கதை. இதே விஷயம் ஒப்பந்தத்திலும் நடந்தது.

அப்பிள் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த ஜோன் லூயி காசே 1990 இல் பீ என்ற கம்பனியைத் தொடங்கினார். அவர்களுடைய இயங்குதளம் பீஓஎஸ். தொண்ணூறுகளின் கடைசியில் ஜப்பானின் ஹிட்டாச்சி, விண்டோஸையும் பீஓஎஸையும் ஒரே டிஸ்க்கில் போட்டுக் கணினி விற்றது. ஆனால் சுவிட்சைப் போட்டால் விண்டோஸ் மட்டும்தான் வரும், தெரிவுப் பட்டியல் வராது. காசு குடுத்து வாங்கினவருக்கே தன்ர டிஸ்க்கில் இன்னொண்டு இருக்கெண்டு தெரியாமல் போகலாம். கணினித் தயாரிப்பாளர்களோடு மைக்ரோசொப்ட் செய்த உரிம ஒப்பந்தங்கள்தான் காரணம் என்றது பீ.

2001 இல் பீ தன் சொத்துகளைப் பாம் நிறுவனத்துக்கு 1 கோடியே 10 இலட்சம் டொலருக்கு விற்றது. 2002 இல் மைக்ரோசொப்ட்டுக்கு எதிராக வழக்குப் போட்டது. 2003 இல் மைக்ரோசொப்ட் 2 கோடியே 32.5 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கை முடித்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. கம்பனி விலைபோனதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காசு வந்தது. பீஓஎஸ் திரும்பி வரேல்லை.

இதற்கிடையில், அமெரிக்க அரசு மைக்ரோசொப்ட்டுக்கு எதிராக நடத்திய வேறொரு வழக்கில் 2002 இல் இறுதித் தீர்ப்பு வந்தது. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னர் வேறு இயங்குதளத்தைத் தெரிவு செய்யும் வசதியைத் தயாரிப்பாளர்கள் தருவதை மைக்ரோசொப்ட் தடுக்கக்கூடாது என்று அதில் தனியாக எழுதப்பட்டது. 1983 இலேயே டிஸ்க்கில் இடம் இருந்த ஒரு வசதிக்கு, 19 வருடம் கழிச்சு நீதிமன்றம் பாதுகாப்புக் குடுக்க வேண்டி வந்தது.

2012 இல் விண்டோஸ் 8 கணினிகளோடு செக்யூர் பூட் பரவியது. கையொப்பமிட்ட நிரலுக்கு மட்டுமே அது வாசலைத் திறக்கும். வைரஸைத் தடுக்க நல்ல பூட்டுத்தான். இன்டெல் வகைக் கணினிகளில் அதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று அப்போது மைக்ரோசொப்ட்டே விதித்தது. ஏஆர்எம் சிப் உள்ள விண்டோஸ் கருவிகளில் நிறுத்தவே கூடாது என்றது.

புது லப்டொப் வாங்கேக்க ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு எண்டு கேட்கிறம். செக்யூர் பூட்டை நிறுத்த ஏலுமோ எண்டும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.