திரும்பிய பீரங்கிகள்

"சிங்கப்பூரில் இருந்த பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து நின்றது. ஜப்பான்காரன் கொல்லைப்புறமாக வந்துவிட்டான்." பள்ளிக்கூடத்தில் எங்கள் வரலாற்று வாத்தியார் சொல்லிச் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அதே கதையைப் பிறகு எத்தனையோ புத்தகங்களில் பார்த்துவிட்டேன். பெரிய பீரங்கி என்றால் எனக்குப் பித்து. அதனால்தானோ என்னவோ, அவற்றை இவ்வளவு முட்டாளாக்குவது பொறுக்கவில்லை. தேட ஆரம்பித்தேன்.

முதலில் எண்ணிக்கை. தீவில் 15 அங்குலப் பீரங்கிகள் மொத்தம் 5. சாங்கியில் 3, புவனா விஸ்தாவில் 2. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இருந்த அதே ரகம். குழல் மட்டும் 100 டன், நீளம் 16 மீட்டருக்கு மேல். குண்டு ஏறக்குறைய 880 கிலோ. 30 கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும். சாங்கி அணிக்கு ஜொகூர் பேட்டரி என்று பெயர். 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்கு ஜொகூர் சுல்தான் 5 லட்சம் பவுண்டு கொடுத்தார், அந்த நன்றிக்காக வைத்த பெயர்.

இனி, திரும்புமா திரும்பாதா? ரகசியக் கோப்புகளில் தலையை விடவேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன். விடை கிடைத்ததோ கடைகளில் விற்கிற புத்தகத்தில். சர்ச்சில் எழுதிய போர் வரலாற்றின் 4-ஆம் தொகுதி, 1950-களின் தொடக்கத்திலிருந்தே உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. தீவின் வடகரைக்குக் காப்பே இல்லை என்று அறிந்து தான் திகைத்ததை அதில் அவர் விவரிக்கிறார். கதையை நம்புகிறவர்கள் எடுத்துக்காட்டுவது அந்தப் பகுதியைத்தான். அதே இடத்தில் தளபதி வேவல் 1942 ஜனவரி 16 அன்று அனுப்பிய தந்தியும் அச்சாகியிருக்கிறது. வடகரையில் அரண் வேலை ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை என்கிறார் வேவல். அடுத்தாற்போல், கோட்டையின் மிகப்பெரிய பீரங்கிகள் எல்லாப் பக்கமும் திரும்பக்கூடியவை, ஆனால் குண்டு தாழ்வாகப் பாய்வதால் எதிரியின் பீரங்கிகளை அடிக்கத் தோதுப்படாது என்கிறார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். குற்றவாளியின் வாக்குமூலமும் சாட்சியும் ஒரே உறைக்குள் கிடந்தது போல இருந்தது.

வேவலும் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்லியிருக்கிறார். புவனா விஸ்தாவின் இரண்டும் நிலத்துப் பக்கம் திரும்பாது, அவை எதிரிமேல் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சாங்கியின் மூன்றில் இரண்டு திரும்பின, சுடவும் செய்தன.

சுட்டும் ஏன் பலனில்லை? இந்தக் கேள்விக்கு வந்த பிறகுதான், இவ்வளவு நாள் குழலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது. பார்க்க வேண்டியது கிட்டங்கிக் கணக்கை. 15 அங்குலத்துக்கு இருந்தவை கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். கப்பலின் எஃகுத் தகட்டைப் பிளந்து உள்ளே போய் வெடிக்க வேண்டும் என்பதற்காக ஓடு தடிமனாக இருக்கும். வெடிக்கவைக்கும் பொறி குண்டின் அடியில், சற்றுத் தாமதித்து வேலை செய்யும். 880 கிலோவில் வெடிமருந்து 30 கிலோவைக்கூட எட்டாது. அது ஈரமண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்துபோய் வெடிக்கும். மேலே சேறு தெறிக்கும், நாலு எட்டு தள்ளிக் குப்புறப் படுத்திருந்த சிப்பாய் எழுந்து நடந்துவிடலாம். நிலப்படையை அடிக்க உடைந்து சிதறும் குண்டு வேண்டும். தீவில் இருந்த சின்னப் பீரங்கிகளான 9.2 அங்குலம், 6 அங்குலம் ஆகியவற்றுக்கு அது சொற்பமாக இருந்தது. 15-க்கு இல்லை. கடலிலிருந்து கப்பல்தான் வரும் என்று கணக்குப் போட்டவன் வேறெதை வாங்கி வைப்பான்?

ஆக, வாத்தியார் சொன்னதில் பாதி சரி. கடலையே பார்த்துக்கொண்டிருந்தது திட்டம். அதன்படி வாங்கியதுதான் குண்டு.

பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் தீவுக்கு வடக்கே இருக்கும் நீரிணையைக் கடந்தார்கள். 12-ஆம் தேதி ஜொகூர் பேட்டரியைப் பிரிட்டிஷார் தாங்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 15-இல் சரணடைந்தார்கள்.

பேட்டரி இருந்த இடம் பின்னால் சிறைத்துறை நிலத்தில் சேர்ந்து, மறந்தே போயிற்று. 1991-இல் சிறைத்துறையினர் கண்ணில் சுரங்க அறைகள் பட்டன, குண்டுகளை அடுக்கி வைத்திருந்த அறைகள். 2002-இல் மேலே ஒரு மாதிரிப் பீரங்கியை நிறுத்தினார்கள்.

நானும் போனேன். வந்தவர்கள் எல்லாரும் குழலைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன், நாலு கோணத்தில். குண்டு அறைகளுக்குப் போகும் வழி அடைத்திருந்தது.