மலேரியா மாத்திரைக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை: ஜி6பிடி நொதிக் குறைபாடு பற்றி அறிய வேண்டியவை

மலேரியா மீண்டும் தாக்காமல் தடுக்கும் மருந்தே சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து உயிருக்கு ஆபத்தை ஏற்படுத்தக் கூடும். 'ஜி6பிடி' என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். உலகில் 40 கோடிக்கும் அதிகமானோருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 2030-ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை ஒழிக்க இலக்கு நிர்ணயித்துள்ள இந்தியாவில், இந்த நொதி குறித்த ஆய்வுகள் நேரடி முக்கியத்துவம் பெறுகின்றன.

நொதியின் பணி என்ன?

குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்பதன் சுருக்கமே ஜி6பிடி. ஆக்சிஜனேற்றப் பாதிப்பிலிருந்து சிவப்பணுக்களைக் காக்கும் குளுட்டாதயோன் தொடர்ந்து செயல்பட இந்த நொதி அவசியம். உடலின் பிற செல்களுக்கு மாற்று வழிகள் உண்டு; மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுக்களுக்கு இது ஒன்றே வழி.

இக்குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலானோர் எவ்வித அறிகுறியும் இன்றி இயல்பாக வாழ்கின்றனர். சில மருந்துகள், கிருமித்தொற்று, ஃபாவா பீன்ஸ், அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் போன்றவற்றால் சிவப்பணுக்கள் திடீரென அதிக அளவில் சிதையும்போதே குறைபாடு வெளிப்படுகிறது. சிறுநீர் கருமையாதல், கண்கள் மஞ்சளாதல், கடும் சோர்வு, மூச்சுத்திணறல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகளாகும்.

கண்டறியப்பட்டது எப்படி?

அமெரிக்காவின் இலினாய் மாகாணத்தில் உள்ள ஸ்டேட்வில் சிறையில், கைதிகளுக்குப் பிரைமாகுவின் மருந்து அளித்து ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. சிலருக்கு மட்டும் ரத்தச் சிதைவு ஏற்பட்டதன் காரணம் தொடக்கத்தில் புலப்படவில்லை. கதிரியக்கக் குரோமியம் கொண்டு அடையாளமிடப்பட்ட சிவப்பணுக்களை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செலுத்திப் பார்த்ததில், குறை அந்தச் சிவப்பணுக்களிலேயே உள்ளது என்பது 1954-இல் உறுதியானது. அக்குறை ஜி6பிடி நொதி சார்ந்தது என்பது 1956-இல் தெரியவந்தது. கைதிகளை இத்தகைய ஆய்வுக்கு உட்படுத்தியது பின்னாளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

இந்தியாவில் பரவல்

இந்தியாவில் 1960-களின் தொடக்கத்திலேயே மும்பை பார்சி சமூகத்தினரிடம் இக்குறைபாடு குறித்து ஆராயப்பட்டது. அதன் பின்னர் நடந்த ஆய்வுகளில், பல்வேறு சமூகங்களிடையே இதன் பரவல் பூஜ்ஜியம் முதல் 27 சதவீதம் வரை வேறுபடுவது தெரியவந்தது. எனவே, நாடு முழுமைக்குமான சராசரி அளவைக் கொண்டு ஒரு கிராமத்தின் நிலையைக் கணிக்க இயலாது.

மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா ஆகிய மூன்று மரபணு வகைகளே இந்தியாவில் அதிகம் காணப்படுகின்றன. இவற்றில் ஒரிசா வகை, பழங்குடியினரிடையே பரவலாக இருப்பதாக 1995-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மலேரியா அதிகம் இருந்த பகுதிகளிலேயே இக்குறைபாடும் அதிகம் உள்ளது. மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்பு அளித்ததால் இந்த மரபணு மாற்றம் தலைமுறைகளாக நிலைத்தது என்பது அறிவியலாளர்களின் கருத்து. இதன் விளைவாக, மருந்து அதிகம் தேவைப்படும் இடங்களிலேயே அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களும் அதிகம் வாழ்கின்றனர்.

சிகிச்சையில் உள்ள சிக்கல்

பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் ஒட்டுண்ணி, காய்ச்சல் தணிந்த பிறகும் கல்லீரலில் உறங்குநிலையில் தங்கி, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் நோயை உண்டாக்கும். இதை அழிக்க இந்தியாவில் பிரைமாகுவின் 14 நாள்களுக்கு வழங்கப்படுகிறது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இந்த 14 நாள் சிகிச்சை அளிக்கக் கூடாது என்பது விதி. குறைபாடு உள்ளவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பின்கீழ் வாரம் ஒரு முறை வீதம் 8 வாரங்களுக்கு இம்மருந்தை அளிப்பது குறித்துப் பரிசீலிக்கலாம் என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

ஒரே வேளையில் சிகிச்சையை முடிக்கும் டாஃபெனோகுவின் மருந்துக்கு அமெரிக்கா 2018-இல் ஒப்புதல் அளித்தது. பாதிப்பு தென்பட்டால் பிரைமாகுவினை உடனே நிறுத்திவிடலாம். ஓரிரு நாளில் அது உடலைவிட்டு வெளியேறிவிடும். டாஃபெனோகுவின் பல வாரங்கள் உடலில் தங்குவதால் அவ்வாறு செய்ய இயலாது. ஆகவே, நொதியின் செயல்பாடு 70 சதவீதத்துக்கு மேல் உள்ளதை உறுதிசெய்த பிறகே அதை அளிக்க முடியும்.

பெண்களுக்குக் கூடுதல் கவனம்

இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண்களுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே இருப்பதால், குறைபாடு உண்டு அல்லது இல்லை என்பது பெரும்பாலும் தெளிவாகத் தெரிந்துவிடும். ஒரு குரோமோசோமில் மட்டும் மாற்றம் உள்ள பெண்களிடம் இயல்பான சிவப்பணுக்களும் குறையுள்ள சிவப்பணுக்களும் கலந்திருக்கும். வழக்கமான ஒளிர்புள்ளிப் பரிசோதனை, நொதியின் செயல்பாடு சுமார் 30 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவர்களையே கண்டறிகிறது. இடைநிலையில் உள்ள பெண்கள் 'இயல்பு' என்ற முடிவோடு வீடு திரும்ப நேரிடுகிறது. நொதியின் அளவையே கணக்கிடும் பரிசோதனை இக்குறையைப் போக்கும்.

கவனிக்க வேண்டியவை

ரத்தச் சிதைவு ஏற்பட்ட உடனே பரிசோதித்தால் முடிவு தவறாக அமையலாம். முதிர்ந்த சிவப்பணுக்கள் அழிந்து, நொதி அதிகம் உள்ள இளம் சிவப்பணுக்களே அப்போது எஞ்சியிருக்கும். சில மாதங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிப்பது அவசியம்.

பிறந்த குழந்தைகளுக்கு இக்குறைபாட்டால் கடும் மஞ்சள் காமாலை ஏற்பட்டு, உரிய சிகிச்சை கிடைக்காவிடில் மூளை பாதிக்கப்படலாம். ஆண்களில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள பகுதிகளில், பிறந்த குழந்தைகள் அனைவரையும் பரிசோதிக்க உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்துள்ளது. கேரளத்தில் அரசு மேற்கொள்ளும் பச்சிளங்குழந்தைப் பரிசோதனையில் ஜி6பிடி-யும் இடம்பெற்றுள்ளது.

குறைபாடு உறுதியானவர்கள் அந்த விவரத்தை எழுத்து வடிவில் வைத்திருந்து, எந்தச் சிகிச்சைக்குச் சென்றாலும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தொழுநோய்க்கான டாப்சோன் உள்ளிட்ட மருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. பிரைமாகுவின் உட்கொள்ளும்போது சிறுநீர் கருமையானாலோ, கண்கள் மஞ்சளானாலோ, உதடுகள் நீலம் பாரித்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்.