நாதமுனிகள் சொன்ன தீர்ப்பு

தாமிரபரணியின் தென்கரையில் இருக்கும் திருக்குருகூர்தான் இன்றைய ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அவதரித்த இந்த ஊரை ஒட்டி இரண்டு போட்டிகள் பேசப்படுகின்றன.

ஒன்று ஊரறிந்த கதை. மதுரகவியாழ்வார் தம் ஆசாரியனான நம்மாழ்வாரின் விக்கிரகத்தை விருதுகள் முழங்க எழுந்தருளப்பண்ணிக்கொண்டு போனபோது, சங்கப் புலவர்கள் வழிமறித்தார்களாம். அவர் திருவாய்மொழி வரி எழுதிய ஓலையைச் சங்கப் பலகையில் வைத்தார். பலகை புலவர்களைத் தள்ளிவிட்டு ஓலையைத் தாங்கி நின்றது.

மற்றது இசைப்போட்டி. என்னைக் கேட்டால் இதற்குத்தான் கனம் அதிகம்.

காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள், யாத்திரை வந்தவர்கள் குடந்தை ஆராவமுதன்மேல் பத்துப் பாசுரங்கள் பாடக் கேட்டார். திருவாய்மொழி ஆயிரத்தில் பத்து இவை என்று தெரிந்ததும் மீதியைத் தேடிக் குருகூர் வந்தார். மதுரகவியின் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதி, நம்மாழ்வாரிடமே ஆழ்வார்கள் பாடிய நாலாயிரத்தையும் பெற்றார் என்கிறது குருபரம்பரை. ஊர் திரும்பியவர் அவற்றுக்குத் தேவகானத்தில் இசை வகுத்து, மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார்.

அந்தக் காலத்தில் சோழன் அவையில் இரு பெண்கள் பாடினார்கள். ஒருத்தி தேவகானம் பாடினாள், இன்னொருத்தி எல்லாரும் பாடும் மனுஷ்யகானம். அரசனுக்குப் பின்னதே பிடித்தது. பரிசும் அவளுக்கே. தோற்றவள் மனம் நொந்து காட்டுமன்னார்கோயில் பெருமாள் முன்னே பாடினாள். நாதமுனிகள் கேட்டு உருகிப்போனார். செய்தி எட்டி அரசன் காரணம் கேட்டபோது, பல எடையுள்ள தாளங்களை ஒருசேரத் தட்டச் சொல்லி, இன்னது இன்ன எடை என்று ஓசையை வைத்தே பிரித்துச் சொன்னார். அரசன் அவர் தீர்ப்பை ஏற்றான்.

இதை எழுதிவைத்த நூல்கள் நாதமுனிகளுக்குப் பல தலைமுறை பிந்தியவை. ஆகவே நடந்தபடியே கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கைதட்டலைவிடக் கேட்கத் தெரிந்த செவியே பாட்டை எடைபோட வேண்டும் என்று நம்பிய ஒரு சமூகம் இந்தக் கதையைக் காத்து வந்திருக்கிறது. அந்த நம்பிக்கைதான் அரையர் சேவையை உயிரோடு வைத்தது. அரையர்கள் தங்கள் மரபை அந்த இரு மருமக்களிடமிருந்தே தொடங்குகிறார்கள். தலையில் கூம்புக் குல்லாயும் கையில் தாளமுமாகப் பாடி, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்லும் இந்தக் கலை, தமிழ்நாட்டில் திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய மூன்று ஊர்களில்தான் தொடர்ந்து நிற்கிறது. தகப்பனிடம் மகன் கற்கும் பாடம் இது. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் மீட்க வழியில்லை.

வைகாசியில் ஒன்பது பெருமாள்களின் கருடசேவைக்கு ஆழ்வார்திருநகரி போகும் அன்பர்களே, மார்கழியில் அரையர் சேவை நடக்கும் பகல்பத்து, இராப்பத்து நாட்களிலும் ஒருமுறை போங்கள். கையில் பாசுரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, முடியும்வரை இருந்து கேளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.