மேற்கு வங்கத்தில் கட்சிப் பிளவு

மக்கள் தாங்கள் சார்ந்த கட்சியைக் கொண்டே அண்டை வீட்டாரோடு உறவும் பகையும் கொள்வதையும், அரசின் எந்த உதவியும் கட்சி வழியாகவே வீட்டுக்கு வந்து சேர்வதையும் இக்கட்டுரை கட்சிப் பிளவு என்று குறிக்கிறது. இந்திய மாநிலங்களில் இதற்கு மிக நீண்ட வரலாறு மேற்கு வங்கத்துக்கு உண்டு. அரசியல் அறிஞர் துவைபாயன் பட்டாச்சார்யா 2009இல் வங்கக் கிராமங்களைக் 'கட்சிச் சமூகம்' என்று வரையறுத்தார். நிலத் தகராறு, குடும்பச் சண்டை, ரேஷன் அட்டை, கூலி உயர்வு என எது வந்தாலும் உள்ளூர்க் கட்சி அலுவலகத்தில்தான் அது தீர வேண்டும். மற்ற மாநிலங்களில் சாதித் தலைவரும் ஊர்ப் பெரியவரும் உட்காரும் நாற்காலியில் அங்கே கட்சிக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

சாந்த்ராகாச்சி

இந்தப் பிளவு அண்மை ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும்படி வெடித்த இடங்களில் ஒன்று சாந்த்ராகாச்சி. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா நகரின் மேற்குப் பகுதியில் உள்ளது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் ஏரியால் பெயர் பெற்றது. தமிழர்கள் பலருக்கு இது ரயில் பெயர். சென்னை சென்ட்ரலுக்கும் சாந்த்ராகாச்சிக்கும் இடையே குளிர்சாதன விரைவு வண்டி ஓடுகிறது.

2013 அக்டோபரில் மாநிலத் தலைமைச் செயலகம் கொல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து ஹவுராவின் சிப்பூரில் உள்ள நபான்னா என்ற 14 மாடிக் கட்டடத்துக்கு மாறியது. ஊர்வலங்களின் திசையும் அதோடு மாறியது. தென்மேற்கு மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருபவர்கள் சாந்த்ராகாச்சியில் இறங்கலாம். அங்கிருந்து கோனா விரைவுச்சாலை நபான்னாவின் பக்கம், வித்யாசாகர் பாலத்தை நோக்கிச் செல்கிறது. எனவே போலீஸ் தடுப்பு வேலியும் அங்கேதான் எழுந்தது. 2020 அக்டோபர் 8 அன்று பாரதிய ஜனதாவின் இளைஞர் அணி நபான்னாவை நோக்கிப் புறப்பட்டபோதும், 2022 செப்டம்பர் 13 அன்று ஆசிரியர் நியமன ஊழலை முன்வைத்து அதே கட்சி மீண்டும் கிளம்பியபோதும், 2024 ஆகஸ்ட் 27 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதற்கு நீதி கேட்டு மாணவர் பெயரில் ஊர்வலம் வந்தபோதும் சாந்த்ராகாச்சியில் கல்லும் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் மோதிக்கொண்டன. 2022இல் இங்கிருந்து ஊர்வலத்தை நடத்த வேண்டிய பாரதிய ஜனதாத் தலைவர் சுவேந்து அதிகாரியை வழியிலேயே போலீஸ் பிடித்துக்கொண்டது. அவர் 2020 டிசம்பர் வரை திரிணமூல் காங்கிரசில் இருந்தவர். அக்கட்சி அரசில் அமைச்சராகவும் இருந்தவர். தலைவர்கள் வேலியைத் தாண்டி மறுபக்கம் போவது வங்கத்தில் சாதாரணம். வேலி மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது.

தொடக்கம்: 1967–1977

காங்கிரசின் தனியாட்சி 1967இல் முடிந்தது. வங்காள காங்கிரசின் அஜய் முகர்ஜி முதலமைச்சராகவும் மார்க்சிஸ்டு கட்சியின் ஜோதி பாசு துணை முதலமைச்சராகவும் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் நக்சல்பாரியில் கிளர்ந்த விவசாயிகள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 1969இல் முன்னணி மறுபடியும் வென்றபோது கூட்டணிக் கட்சிகளே கிராமம் கிராமமாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. இது தாங்காமல் அஜய் முகர்ஜி, முதலமைச்சராக இருந்தபடியே, தன் அரசின் சட்டம் ஒழுங்கைக் கண்டித்துக் கொல்கத்தாவின் கர்சன் பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தார். அந்த உண்ணாவிரதத்தைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது, இரு பக்கத்துக்கும் வெளியே ஒருவர் நிற்க முயன்றதற்கு வங்க வரலாற்றில் கிடைக்கும் முதல் பெரிய சான்றாகத் தெரிகிறது. அவர் 1970 மார்ச்சில் பதவி விலகினார். அடுத்த நாளே பர்தமானில் சாயின் குடும்பத்தார் காங்கிரஸ் ஆதரவாளர் என்பதற்காக வீட்டுக்குள் புகுந்து கொல்லப்பட்டனர். 1971 பிப்ரவரியில் பார்வர்டு பிளாக் தலைவர் ஹேமந்த பாசு பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் காசிப்பூர்–பராநகர் பகுதியில் நக்சல்பாரி இயக்க இளைஞர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். 1972 தேர்தலில் காங்கிரஸ் வென்றது. வாக்குச் சாவடிகள் கைப்பற்றப்பட்டன என்று சொல்லி மார்க்சிஸ்டு உறுப்பினர்கள் ஐந்தாண்டும் சட்டமன்றத்தைப் புறக்கணித்தார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது.

கட்சி வீட்டுக்குள் வந்த காலம்: 1977–2006

1977 ஜூனில் ஜோதி பாசு தலைமையில் இடது முன்னணி ஆட்சி தொடங்கியது; 34 ஆண்டுகள் நீடித்தது. அதன் முதல் ஆண்டுகளின் சாதனையை யாரும் மறுக்க முடியாது. 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா மூலம் சுமார் 14 லட்சம் குத்தகை விவசாயிகளின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. நிலக்கிழார் நினைத்தபோது அவர்களை வெளியேற்றுவது நின்றது. அதே 1978 ஜூனில் மூன்றடுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் கட்சிச் சின்னங்களிலேயே நடந்தது. கட்சிகள் வெளிப்படையாகவே பஞ்சாயத்தில் போட்டியிடலாம் என்று அதே ஆண்டு அசோக் மேத்தா குழுவும் பரிந்துரைத்தது.

பிளவின் வேர் இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. நிலம் பெற்றவன் கட்சி வழியாகப் பெற்றான். பஞ்சாயத்து கட்சியின் கையில் இருந்தது, காவல் நிலையம் கட்சி சொல்வதைக் கேட்டது. பள்ளி ஆசிரியர் நியமனம் முதல் பாடா என்று வங்காளிகள் சொல்லும் தெருக்குடியிருப்பின் மன்றம் வரை உள்ளூர்க் குழுவின் நிழல் விழுந்தது. கட்சி சாராதவனுக்குக் கொள்கை இல்லை என்பது பெரிய குறையாக இருக்கவில்லை. அவனுக்காகப் பேச ஆள் இல்லாமல் போனது. அதனால் ஆளும் கட்சியை எதிர்த்தவனும் இன்னொரு கட்சிக்குள் ஓட வேண்டியதாயிற்று.

1993 ஜூலை 21 அன்று மம்தா பானர்ஜி தலைமையில் இளைஞர் காங்கிரஸ், வாக்காளர் அடையாள அட்டை கோரி ரைட்டர்ஸ் கட்டடத்தை நோக்கிச் சென்றபோது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். 1998 ஜனவரி 1 அன்று அவர் தலைமையில் திரிணமூல் காங்கிரஸ் பிறந்தது. ஜூலை 21 அதன் தியாகிகள் நாளாயிற்று. 2000 ஜூலையில் பீர்பூம் மாவட்டம் நானூரில் திரிணமூல் ஆதரவாளர்களான நிலமற்ற கூலிகள் 11 பேர் கொல்லப்பட்டார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் பெரும்பாலும் ஒரே வயலில் வேலை செய்தவர்கள் என்பதுதான் வங்கக் கட்சிச் சண்டைகளில் திரும்பத் திரும்பக் காணும் கொடுமை.

சிங்கூர், நந்திகிராம், ஒரு நடுவர்

2006 தேர்தலில் 294 இடங்களில் 235ஐ இடது முன்னணி வென்றது. டாட்டாவின் நானோ கார் ஆலைக்காகச் சிங்கூரில் 997 ஏக்கர் எடுக்கப்பட்டது; ஒரு பகுதி விவசாயிகள் நிலம் தர மறுத்தார்கள். 2007 மார்ச் 14 அன்று, நிலம் எடுப்பை எதிர்த்து நின்ற நந்திகிராமில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். அந்த நவம்பரில் மார்க்சிஸ்டு தொண்டர்கள் நந்திகிராமைத் திரும்பப் பிடித்தபோது, எதிரிகளுக்கு அவர்கள் கொடுத்ததே திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா சொன்னார். இலக்கியம் படித்த, தனிவாழ்வில் நேர்மையான மனிதர் அவர். மாநிலம் முழுமைக்கும் முதலமைச்சராக இருப்பவர் தன் மக்களில் ஒரு பகுதியைப் பகைவராக்கிப் பேசிய அந்த வாக்கியத்தைப் பின்னர் அவரே நினைத்து வருந்தினார்.

அப்போது ஆளுநராக இருந்தவர் கோபாலகிருஷ்ண காந்தி; ராஜாஜியின் மகள் வயிற்றுப் பேரர். விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராக ராஜாஜி இருந்த அதே மாளிகையில் இவரும் இருந்தார். நந்திகிராம் கொலைகளைக் கண்டு தான் உறைந்துபோனதாக வெளிப்படையாக அறிக்கை விட்டார். ஆளும் முன்னணி அவரை ஒருதலைப்பட்சமானவர் என்று தாக்கியது. 2008 செப்டம்பரில் சிங்கூர் பிரச்சினைக்காக அரசையும் மம்தா பானர்ஜியையும் ராஜ்பவனில் ஒரே மேசையில் உட்கார வைத்தவரும் அவரே. செப்டம்பர் 7 அன்று உடன்பாடு அறிவிக்கப்பட்டது. ஆலை வளாகத்துக்குள் எவ்வளவு நிலம் திருப்பித் தரப்படும் என்பதில் சில நாட்களிலேயே இரு தரப்பும் இருவேறு பொருள் சொல்லின. அக்டோபர் 3 அன்று டாட்டா வெளியேறுவதாக அறிவித்தது. 2016இல் நிலம் எடுத்ததே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் இழந்தவனுக்கும் ஆலை வேலையை நம்பியிருந்தவனுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. அந்த வழியில் யார் முதலில் காலெடுத்து வைத்தாலும் தன் பக்கத்தாரால் துரோகி எனப்படுவார் என்ற அச்சமே அதை அடைத்தது என்பது என் முடிவு.

கொடி மாறியது: 2011க்குப் பின்

'பழிவாங்கல் வேண்டாம், மாற்றம் வேண்டும்' என்ற முழக்கத்தோடு 2011இல் திரிணமூல் 184 இடங்கள் வென்று ஆட்சிக்கு வந்தது. இடது முன்னணி 62 இடங்களுக்குச் சுருங்கியது. மாற்றம் கொடிகளில் நடந்தது. உள்ளூர்க் குழுவின் இடத்தைத் தெரு 'தாதா' பிடித்தார். கட்டடப் பொருள் விற்கும் 'சிண்டிகேட்' வளர்ந்தது. அரசு உதவிக்குப் பங்கு வாங்கும் பழக்கம் எவ்வளவு முற்றியது என்றால், 2019 ஜூனில் முதலமைச்சர் மம்தா பானர்ஜியே தன் கட்சியினரிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. 2012 ஏப்ரலில், முதலமைச்சரைப் பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். வழக்கிலிருந்து அவர் விடுபட 2023 ஜனவரி வரை ஆனது.

2018 பஞ்சாயத்துத் தேர்தலில் சுமார் 34 விழுக்காடு இடங்கள் போட்டியே இல்லாமல் ஆளும் கட்சிக்குப் போயின. வேட்புமனு கொடுக்க ஒன்றிய அலுவலகத்துக்குப் போனவர்களைத் தடுத்து அடித்ததாகப் புகார்கள் குவிந்தன. பாங்கரில் வேட்பாளர்கள் ஒன்பது பேர் வாட்ஸ்அப்பில் மனு அனுப்பினார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்கச் சொன்னது. அவர்களில் ஐந்து பேர் வென்றார்கள். போட்டியிட விட்டால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

வழி அடைபட்டவர்கள் அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் வேறு வாசல் தேடினார்கள். பாரதிய ஜனதா 42இல் 18 இடங்களை வென்றது. இடதுசாரிகளின் பழைய வாக்குகளில் பெரும்பகுதி அங்கே போனது. அதோடு, அதுவரை கட்சியின் அடியில் அமுங்கியிருந்த மத வேறுபாடும் தேர்தலின் மேற்பரப்புக்கு வந்தது. 2021இல் திரிணமூல் பெருவெற்றி பெற்றது, பாரதிய ஜனதா 77 இடங்களோடு எதிர்க்கட்சியானது, இடதுசாரிகளும் காங்கிரசும் சட்டமன்றத்தில் ஓரிடமும் இல்லாமல் போயின. தேர்தலுக்குப் பின் நடந்த வன்முறையில் கொலை, பாலியல் குற்றங்களை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 மார்ச்சில் பீர்பூமின் போக்டுயி கிராமத்தில் திரிணமூலைச் சேர்ந்த பஞ்சாயத்துத் துணைத் தலைவர் ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழியாக வீடுகள் கொளுத்தப்பட்டன. அங்கே எரித்தவர்களுக்கும் எரிந்தவர்களுக்கும் இடையே கட்சி வேறுபாடுகூட இல்லை.

பிற இடங்களோடு ஒப்பீடு

அமெரிக்காவில் 1950இல் அரசியல் அறிஞர் சங்கத்தின் குழு ஒன்று, இரு கட்சிகளும் மிகவும் ஒன்றுபோல் இருக்கின்றன, மக்களுக்குத் தெளிவான தேர்வு இல்லை என்று குறைப்பட்டது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு கட்சிகள் இனம், மதம், வட்டாரம் என்று பிரிந்தன. அரசியல் அறிஞர் சாந்தோ ஐயங்காரும் அவருடைய சகாக்களும் காட்டிய கணக்குப்படி, தம் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருந்துவோம் என்றவர்கள் 1960இல் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருந்தார்கள். 2010இல் அது குடியரசுக் கட்சியினரிடம் 49 விழுக்காடு, ஜனநாயகக் கட்சியினரிடம் 33 விழுக்காடு. அங்கே வெறுப்பு மனத்தில் தொடங்கி, 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. வங்கத்தில் அது வயிற்றுப்பாட்டில் தொடங்கியது. அதனால்தான் அங்கே ஒருவர் ஒரே இரவில் கட்சி மாற முடிகிறது, கட்சியே இல்லாமல் இருக்க முடிவதில்லை.

தமிழ்நாட்டில் சிற்றூராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடக்கிறது. அதைத் தீர்வாகச் சொல்லத் தோன்றும். ஆனால் 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் சாதிக்காகக் கொல்லப்பட்டார்கள். கட்சி விலகிய இடத்தில் சாதி உட்காரும் என்றால், வங்கம் நிலச்சீர்திருத்தத்தில் பெற்றதையும் இழக்கும். கட்சியற்ற மக்களாட்சி வேண்டும் என்று 1948இல் தன் கட்சியையே கலைத்த வங்காளி எம்.என். ராயின் கனவை நான் மதிக்கிறேன். ஆனால் அதை ஏற்கவில்லை. கட்சிகள் இருக்கட்டும், கட்சியில்லாதவனுக்கும் காவல் நிலையம் திறந்திருக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 18 அன்று ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் கால்பந்துப் போட்டி பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்தானபோது, தலைமுறைகளாக எதிரெதிரே நின்ற இரு அணி ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஆர்.ஜி. கர் நீதிக்காகச் சேர்ந்து முழங்கினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஒன்பது நாள் கழித்துச் சாந்த்ராகாச்சியில் அதே கோரிக்கை வழக்கமான கட்சி மோதலாகவே மாறியது.

2023 பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியின்றி முடிந்த இடங்கள் சுமார் 12 விழுக்காடாகக் குறைந்தன. மத்தியப் படைகளை நீதிமன்றம் வரவழைத்தும் பலர் உயிரிழந்தார்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் வேட்புமனுக்களை இணையத்தில் வாங்கத் தொடங்க வேண்டும். ஆளும் கட்சி எதுவாக இருந்தாலும் எதிர்க்கட்சிகள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.