இரத்தம் திரும்பி வரும் வழி



ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிற்கு வடமேற்கே, இரயில் பாதையின் ஓரமாக அமைந்திருக்கும் சிற்றூர் பாலோ. 1909-ஆம் ஆண்டில் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் ஓடத் தொடங்கிய பிறகு, இந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, காண்டா வாளி சுமந்து, மரத்துக்கு மரம் நடந்தவர்கள் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும். இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் அந்தத் தலைமுறையின் கால்களைப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்து, கயிறுபோல் முறுக்கிக் கொண்டிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். "நரம்பு சுருட்டிக் கொண்டது" என்று சொல்லுவோம். "வயசானால் அப்படித்தான்" என்று விட்டும் விடுவோம்.

அதை அப்படி விடலாகாது என்பதை எனக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் இருந்தவரைப் பெரியம்மா என்று அழைப்போம். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். கணுக்காலுக்கு மேலே ஒரு நரம்பு திராட்சைப் பழம்போல் புடைத்திருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து குளிக்கும்போது அந்த இடம் சற்றே உரசிவிட்டது. உடனே இரத்தம் பீறிட்டது. வலியே இல்லை என்றார். ஆனால் குளியலறைத் தரை முழுவதும் சிவந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து, அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, முழங்காலுக்கு மேலே ஒரு துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். இரத்தம் நிற்கவில்லை, முன்னிலும் அதிகமாக வழிந்தது. இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரியம்மாவின் முகம் வெளுத்துக் கொண்டே வந்தது.

தோட்டத்து டிரெசர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "கட்டை அவிழுங்க! ஆளைத் தரையில படுக்க வைங்க!" என்று சத்தம் போட்டார். படுத்தவரின் காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்தார். சுத்தமான துணியை மடித்து, புண்ணின்மேல் கையால் அழுத்திப் பிடித்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இரத்தம் நின்றுவிட்டது.

கட்டினால் வழிந்த இரத்தம், அவிழ்த்தபின் நின்றது எப்படி? வாய் பிளந்து நின்ற என்னிடம் அவர், "தம்பி, உன் கையைக் கொண்டா" என்றார். என் முழங்கைக்கு மேலே ஒரு கைக்குட்டையை மிதமாகக் கட்டினார். சிறிது நேரத்தில் முன்கையில் நரம்புகள் எல்லாம் எழும்பி நின்றன. "பார்த்தாயா? கட்டுக்குக் கீழேதான் புடைக்கிறது, மேலே இல்லை. அப்படியானால் இந்த இரத்தம் எந்தத் திசையில் போகிறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை காண, உலகத்து மருத்துவர்கள் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் எடுத்துக் கொண்டார்கள் என்பதைப் பிற்காலத்தில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போதுதான் அறிந்தேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் பேச்சில் "நரம்பு" என்று சொல்வது இரண்டு வேறு பொருள்களை. மூளையிலிருந்து உடம்பெங்கும் செய்தி கொண்டு செல்வதும் நரம்பு. தோலின் கீழே நீலமாகத் தெரிவதையும் நரம்பு என்கிறோம். இரண்டாவது நரம்பே அன்று. அது இரத்தக் குழாய். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்லும் குழாய்க்குத் தமனி என்று பெயர். உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பக் கொண்டு வரும் குழாய்க்குச் சிரை என்று பெயர். காலில் சுருட்டிக் கொள்வது இந்தச் சிரைதான்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய மருத்துவர் கேலன். நாம் உண்ணும் உணவிலிருந்து ஈரல் இரத்தத்தை உண்டாக்குகிறது. அது சிரைகளின் வழியாக உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவழிந்துவிடுகிறது என்று அவர் எழுதினார். வயலுக்குப் பாயும் வாய்க்கால் நீர் திரும்பி வருவதில்லை அல்லவா? அதுபோல என்று வைத்துக் கொள்ளுங்கள். பிற்காலத்தவர் அவர் சொல்லை மறுக்கத் துணியவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-நஃபீஸ் என்னும் மருத்துவர், இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று துணிந்து எழுதினார். அவருடைய அந்தக் கருத்து 20-ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

இத்தாலி நாட்டுப் பாதுவா பல்கலைக்கழகத்தில் ஃபாப்ரீசியஸ் என்னும் ஆசிரியர் இருந்தார். சிரைகளின் உள்ளே சிறு சிறு கதவுகள் இருப்பதை அவர் மாணவர்களுக்குக் காட்டி வந்தார். 1603-ஆம் ஆண்டில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். வால்வு என்று நாம் சொல்லும் கதவுகள்தாம் அவை. ஆனால் அவை எதற்காக என்பதில் அவர் தவறினார். இரத்தம் கைகால்களில் வேகமாகப் பாய்ந்து தேங்கிவிடாமல் மட்டுப்படுத்தவே அவை இருக்கின்றன என்று கருதினார்.

அவரிடம் பயின்ற ஆங்கில மாணவர் வில்லியம் ஹார்வி. ஊர் திரும்பி மருத்துவத் தொழில் செய்துகொண்டே, அந்தக் கதவுகளைப் பற்றி அவர் யோசித்து வந்தார். கதவுகள் எல்லாம் இதயத்தை நோக்கியே திறக்கின்றனவே; அப்படியிருக்க, இதயத்திலிருந்து கீழே வரும் இரத்தம் அவற்றைத் தாண்டுவது எப்படி? அவர் செய்த சோதனை, டிரெசர் என் கையில் செய்து காட்டியதேதான். புயத்தில் கட்டுப் போட்டார். சிரைகள் புடைத்தன. அவற்றில் இடையிடையே சிறு முடிச்சுகள் தெரிந்தன. அவையே கதவுகள் இருக்கும் இடங்கள். ஒரு சிரையின் கீழ்ப்பகுதியை ஒரு விரலால் அழுத்திக் கொண்டு, இன்னொரு விரலால் இரத்தத்தை அடுத்த முடிச்சுக்கு மேலே தள்ளினார். காலியான குழாய் மேலிருந்து நிறையவில்லை. கீழ் விரலை எடுத்தவுடன் கீழேயிருந்து குபுக்கென்று நிறைந்தது. சிரையில் இரத்தம் ஒரே திசையில், இதயத்தை நோக்கி மட்டுமே ஓடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதோடு அவர் ஒரு கணக்கும் போட்டார். இன்று நாம் அறிந்த அளவுகளில் அதைச் சொல்லுகிறேன். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். ஓர் ஆளின் உடம்பில் இருப்பதோ ஏறக்குறைய 5 லிட்டர்தான். மணிக்கு 300 லிட்டர் இரத்தத்தை எந்தச் சோற்றிலிருந்து ஈரல் செய்ய முடியும்? போன இரத்தமேதான் திரும்பத் திரும்ப வருகிறது. இதனை 1628-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாக ஹார்வி வெளியிட்டார். பலர் எதிர்த்தனர். தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் அவரால் காட்ட இயலவில்லை. அவர் 1657-இல் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், மால்பீகி என்னும் இத்தாலியர் தவளையின் நுரையீரலில் மயிரினும் மெல்லிய குழாய்களை உருப்பெருக்கியில் கண்டு அந்தக் குறையையும் தீர்த்தார்.

இந்த அறிவு தமிழுக்கு வந்த கதையும் நாம் அறிய வேண்டியது. அமெரிக்காவில் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்னும் மருத்துவர், 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்துக் கொண்டே தமிழ் கற்றார். 1860-களில் தமிழ் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். பாடநூல்கள் இல்லை, ஆகவே அவரும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்தார்கள். உடற்கூறு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் அச்சாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, இரத்தக் குழாய்களின் அமைப்பைத் தமிழில் படித்து மருத்துவரானவர்கள் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இனி, நம் காலுக்கு வருவோம்.

இதயத்திலிருந்து பாதத்துக்கு இரத்தம் இறங்குவது எளிது, இதயம் தள்ளுகிறது. பாதத்திலிருந்து மேலே ஏறுவது எப்படி? கெண்டைக்கால் தசைதான் ஏற்றுகிறது. நாம் நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் சிரையைப் பிழிகிறது. இரத்தம் ஒரு கதவைத் தாண்டி மேலே போகிறது. தசை தளரும்போது கதவு மூடிக்கொள்கிறது. இரத்தம் கீழே இறங்க முடியாது. படிப்படியாக இப்படியே இதயம் சேர்கிறது. ஆகவே நடை காலுக்கு நல்லது. அசையாமல் நின்றுகொண்டே இருப்பதுதான் கெடுதல். பிழிவதற்கு ஆளில்லாமல் இரத்தம் தேங்குகிறது. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும், வகுப்பில் நிற்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

நாளடைவில் சிலருக்குச் சிரையின் சுவர் தளர்ந்து, கதவுகள் சரியாக மூடாமல் போகின்றன. இரத்தம் கீழே வழிந்து, தோலின் அடியில் உள்ள சிரை வீங்கிச் சுருள்கிறது. தாய் தந்தைக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். கர்ப்ப காலமும், உடற்பருமனும், முதுமையும் இதைக் கூட்டும். இது கெட்ட இரத்தத்தால் வருவதன்று. யாருடைய பாவமும் அன்று. கதவு பழுதுபட்டது, அவ்வளவே. கவனியாமல் விட்டால், மாலையில் கால் கனக்கும், வீங்கும். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து அரிக்கும். கடைசியில் ஆறாத புண் வரும். பச்சிலையும் பொடியும் வைத்து ஆண்டுக்கணக்காக அந்தப் புண்ணோடு நடந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தேங்கிய இரத்தம் இறங்காமல் புண் ஆறுவது அரிது.

பழைய காலத்தில் வைத்தியமும் கொடுமையாகவே இருந்தது. உரோமாபுரித் தளபதி மாரியஸ், தம்மைக் கட்டிப் போட வேண்டாம் என்று சொல்லி ஒரு காலின் சிரைகளை அறுக்கவிட்டாராம். மறு காலை நீட்டச் சொன்னபோது, இந்த வலிக்கு அந்தக் குணம் ஈடாகாது என்று மறுத்துவிட்டாராம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் உன்னா என்னும் தோல் மருத்துவர், துத்தநாகப் பசை தடவிய துணியைக் காலில் சுற்றிப் புண்களை ஆற்றினார். கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகச் சற்றுத் தளர்வாகவும் சுற்றும் முறை இன்றும் முதன்மையான சிகிச்சையாக இருக்கிறது. அதற்கென்றே காலுறைகளும் உண்டு. பழுதான சிரையை உள்ளிருந்தே சூட்டினால் மூடும் முறை இந்த நூற்றாண்டில் பரவியுள்ளது. பலர் அன்றே நடந்து வீடு திரும்புகிறார்கள்.

நேயர்களே, வீட்டில் நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்லுகிறேன். நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால், குதிகாலை அடிக்கடி உயர்த்தி இறக்குங்கள். மாலையில் படுத்து, காலை நெஞ்சுக்கு மேலே உயரும்படி தலையணையில் வையுங்கள். தோல் கறுத்தாலோ, சிறு புண் வந்தாலோ அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களும், நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் தணிகிறவர்களும் மருத்துவரைக் கேளாமல் காலை இறுக்கிச் சுற்றக் கூடாது. அவர்களுக்குத் தமனியில் அடைப்பு இருக்கலாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால், எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். ஆழத்திலுள்ள சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் தாமதியாமல் 999-ஐ அழையுங்கள். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக் கூடும்.

சுருண்ட சிரை உடைந்து இரத்தம் வந்தால் என்ன செய்வது? பிள்ளைகளும் இதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். படுக்க வை, காலைத் தூக்கு, புண்ணின்மேல் அழுத்து, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. மேலே துண்டு கட்டாதே. கட்டினால், இதயத்துக்குத் திரும்பும் வழி அடைபட்டு, புண் வழியாகத்தான் இரத்தம் வெளியேறும். பெரியம்மாவுக்கு அன்று நேர்ந்தது அதுவே.

பெரியம்மா பிழைத்துக் கொண்டார். குளுவாங் ஆஸ்பத்திரியில் காட்டி, காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, பேரப்பிள்ளைகளையும் வளர்த்தார். இன்று என் வகுப்பில் இரத்த ஓட்டப் பாடம் நடத்தும்போதெல்லாம், ஒரு மாணவனை அழைத்து, "தம்பி, உன் கையைக் கொண்டா" என்கிறேன். கைக்குட்டையை மிதமாகக் கட்டி, ஒரு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டு, டிரெசர் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறேன். வீட்டுக்குப் போய் ஆயாவின் காலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுகிறேன். நீங்களும் இன்று மாலை பார்த்துவிடுங்கள்.