மெட்டைப் பிடுங்குதல்: பேஸ் கிதாரின் வரலாற்றிலிருந்து

தமிழில் 'மெட்டு' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. வீணையின் தண்டில் மெழுகின்மேல் வரிசையாகப் பதித்திருப்பதும் மெட்டு. பாட்டுக்குப் போடுவதும் மெட்டு. கருவியின் மெட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டால் பாட்டின் மெட்டு என்னவாகும்? பேஸ் கிதாரை வைத்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிலர் இதைச் செய்து பார்த்தார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் வீரப்பிரதாபமாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்னொரு சுலபமான வழியும் இருக்கிறது. மெட்டு என்றால் அதிகாரம், மெட்டின்மை என்றால் விடுதலை என்று எழுதி, நடுவில் ஃபூக்கோவின் பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டால் கட்டுரை முடிந்தது. நம் சிறுபத்திரிகைச் சூழலில் இதற்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் விஷயம் அப்படியில்லை.

1951க்கு முன்னால் ஜாஸ் குழுக்களில் கீழ்ஸ்தாயியைக் கவனித்துக்கொண்டது ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். அதற்கு மெட்டே கிடையாது. சுருதி சேர்ந்து வாசிக்க வருஷக்கணக்கில் பழக வேண்டும். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது தனிச் சித்திரவதை. மற்ற வாத்தியங்கள் மின்சாரத்தின் துணையோடு சத்தம் போட ஆரம்பித்ததும் இது காதிலேயே விழவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், கிதார் வாசிக்கத் தெரியாதவர், 1951இல் ஒரு மாற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நான்கு தந்திகள், இருபது மெட்டுகள், உடம்போடு திருகாணி போட்டு முடுக்கிய தண்டு. பெயர் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம். இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் எங்கே அழுத்தினாலும் தந்தி உலோகத்தில் போய் நிற்கும், சுருதி பிசகாது. கிதார் வாசிக்கத் தெரிந்தவன் சீக்கிரமே பேஸ் வேலைக்கும் போகலாம்.

இங்கே நடந்தது என்ன? வருஷக்கணக்கில் காதில் சேர்ந்த அறிவு இருபது துண்டு உலோகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தொழிலாளியின் கைத்திறன் எந்திரத்துக்குள் இடம் மாறுவது பற்றி மார்க்ஸ் எழுதியதைப் படித்த தோழர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இது பறித்தது மட்டுமல்ல, கொடுத்ததும்கூட. ஆசிரியரும் வசதியும் இல்லாத எத்தனையோ பையன்களுக்கு வாசல் திறந்தது இந்த இருபது கம்பிகளால்தான்.

பறித்தது எதை? பழைய லூட் கருவிகளில் மெட்டு என்பது தண்டைச் சுற்றிக் கட்டிய நரம்பு. வேண்டுமானால் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். கலிலியோவின் தகப்பனார் வின்சென்சோ கலிலி 1581இல் மெட்டுகளுக்கு 18:17 என்ற விகிதத்தைச் சொன்னார். பின்னால் அந்தக் கணக்கு இன்னும் இறுகி, ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமமான துண்டுகளாக வெட்டப்பட்டது. ஒரு துண்டுக்கு 100 சென்ட். இயற்கையான அந்தர காந்தாரம் (5:4) 386 சென்ட்டில் இருக்கிறது. மெட்டு கொடுப்பதோ 400. இந்த 14 சென்ட் பொய்யை எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்டதால்தான் எந்தச் சுருதியிலும் ஏறி இறங்க முடிகிறது. விலை, இடைப்பட்ட ஒலிகள். தந்தியை இழுத்து வளைத்தால் ஒழிய அவை அந்தக் கருவிக்கு இல்லாதவை.

மெட்டைப் பிடுங்கியது யார்? ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன் 1961இலேயே ஒரு மலிவான பேஸின் மெட்டுகளைக் கழற்றினார். புதிதாகப் போடலாம் என்று எடுத்தவர் அப்படியே விட்டுவிட்டார். டபுள் பேஸ்காரர்களோடு பழகிய ஆம்பெக் நிறுவனம் 1966இல் மெட்டில்லாத பேஸைத் தயாரித்து விற்றது. ஃபெண்டரும் 1970இல் விற்க ஆரம்பித்தது. இவ்வளவுக்குப் பிறகுதான் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வருகிறார். வெண்ணெய்க் கத்தியால் 1962ஆம் வருஷத்து ஜாஸ் பேஸின் மெட்டுகளை அவர் நெம்பி எடுத்ததாகக் கதை. மெட்டு கழற்றிய நிலையில்தான் வாங்கினார் என்றும் சொல்வதுண்டு. கத்தியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஃபுளோரிடாவின் ஈரக்காற்று. அவருடைய டபுள் பேஸ் அந்தக் காற்றில் வெடித்துப்போயிற்று. அந்த ஒலி மின்சாரக் கருவியிலேயே அவருக்கு வேண்டியிருந்தது. சுற்றுத்தந்தி மரத்தை அரித்துத் தின்னும் என்பதால் பலகைமேல் படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசினார். கடற்கரை ஊரில் அது கிடைக்கும். மேதைமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஈரமும் பசையும் இல்லாத மேதைமை கிடையாது.

மெட்டை எடுத்த பள்ளங்களை மரப்பசையால் அடைத்தார். கோடுகள் மிஞ்சின. தெரிதாவைப் படித்தவர்கள் இதை 'தடம்' என்பார்கள்: அழிக்கப்பட்டது அழிந்த இடத்திலேயே இருந்துகொண்டிருக்கிறது. சும்மா உருவகத்துக்காகச் சொல்லவில்லை. மெட்டு இருந்தபோது விரல் அதற்குச் சற்றுப் பின்னால் விழுந்தால் போதும். போன பிறகு கோட்டின் மேலேயே விழ வேண்டும். அதாவது கட்டுப்பாடு போகவில்லை. உலோகத்திலிருந்து காதுக்கும் விரலுக்கும் வந்துவிட்டது. கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் வாசிக்கும் நண்பர் ஒருவர் மாறிய புதிதில் கண்ணில் மின்னலோடு சொன்னார்: இத்தனை நாள் நான் வாசிக்கிறேன்னு நெனச்சேன், கம்பிதான் வாசிச்சிருக்கு. முதல் ஒரு மாசம் அபஸ்வரம்தான். ஆனாலும் திரும்பிப்போக அவருக்கு மனசில்லை. ஏன் என்று கேட்கும்போதே தெரிகிறது. மெட்டுள்ள பேஸில் ஒலி மெய்யெழுத்து மாதிரி இடித்து நிற்கிறது. இதில் தந்தி மரத்தோடு உரசி, ஸ்வரம் விழுந்த பிறகு வாய்திறந்து நீள்கிறது. நம் இலக்கணத்தில் சொன்னால் உயிரளபெடை.

1976இல் வெளிவந்த ஜாக்கோவின் முதல் இசைத்தட்டு 'டோனா லீ'யோடு தொடங்குகிறது. காற்றுவாத்தியங்கள் பாய்ந்து ஓடும் பீபாப் மெட்டு; துணைக்கு டான் அலியாஸின் காங்கா மட்டும். அடித்தளமாகக் கிட, யாரும் உன்னைக் கவனிக்க வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டிருந்த வாத்தியம் முன்னால் வந்து பேசுகிறது. அதே வருஷம் ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா'வில் குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரலாகவே நடக்கிறது. அதே சமயத்தில் ஜான் மக்லாஃப்ளின், எல். சங்கரும் விக்கு விநாயக்ராமும் இருந்த 'ஷக்தி'யில் வேறு வழி பார்த்தார். மெட்டுகளை விட்டுவைத்து, அவற்றுக்கு நடுவே மரத்தைக் குடைந்து, தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் வாசித்தார். வீணையின் வழி அது. பிடுங்குவது மட்டுமே வழி என்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிறகு நடந்ததும் தெரிந்ததுதான். 1980களில் மெட்டில்லாத பேஸ் பாப் இசையின் அலங்காரமாயிற்று. ஜாக்கோ மனநோயோடு நியூயார்க் தெருக்களில் அலைந்தார். 1986இல் அந்தக் கருவி களவு போயிற்று. 1987இல் ஒரு கேளிக்கை விடுதி வாசலில் அடிபட்டு 35 வயதில் செத்தார். 1999இல் ஃபெண்டர் அவர் பெயரில் பேஸ் விற்கத் தொடங்கியது. அதில் ஒரு வகையில் பழைய பேஸின் தேய்மானமும் கீறல்களும்கூடத் தொழிற்சாலையிலேயே போடப்பட்டன.

ஆக, மெட்டை வைத்ததும் தொழிற்சாலை, பிடுங்கிய தழும்பை விற்பதும் அதே தொழிற்சாலை. இதற்காக அந்தக் கிளர்ச்சியைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மெட்டு திறந்துவிட்ட வாசல் வழியாக உள்ளே வந்தவன்தான் ஒரு நாள் மெட்டு தேவையில்லை என்கிறான். முதலாவதை மறந்து இரண்டாவதை மட்டும் கொண்டாடினால் அது மேட்டிமைத்தனம். இரண்டாவதைச் செய்துபார்க்காமலே இருந்தாலோ, அந்த 14 சென்ட்டை உண்மை என்றே நம்பிக்கொண்டிருப்போம்.